பி.எஸ்.ஏ. இறங்கியிருக்க, பி.எஸ்.எம்.ஏ. மட்டும் ஏன் கூடுதலாக இருக்கிறது?

நம் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் 71 வயது வாசகர் ஒருவர், தம் அறிக்கைகளின் நகல்களோடு நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கி அதன் சாரத்தைத் தருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, அவருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை அளிக்கப்பட்டது. அதன்பின் 1க்குக் கீழே இருந்த, புராஸ்டேட் நோயைக் கண்காணிக்க இரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. அளவு சென்ற ஆண்டு 11 ஆக உயர்ந்தது. சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனுக்கு நாள் கிடைக்கத் தாமதமானதால், மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் போடும் ஹார்மோன் ஊசியை முதலில் தொடங்கிவிட்டார். ஊசி போட்டு ஐந்து வாரம் கழித்து ஸ்கேன் நடந்தது. அந்த வாரத்தில் பி.எஸ்.ஏ. 1.4 ஆக இறங்கியிருந்தது. ஆனால் ஸ்கேன் அறிக்கையில், வலப்புற இடுப்பறையின் இரண்டு நிணநீர் முடிச்சுகளிலும் இடது இடுப்பெலும்பில் ஓரிடத்திலும் பி.எஸ்.எம்.ஏ. என்ற நொதியின் வெளிப்பாடு மிகுதியாக உள்ளது என்றும், ஏழாவது விலா எலும்பில் மங்கலான ஒரு புள்ளி உறுதி சொல்ல முடியாததாக உள்ளது என்றும் எழுதப்பட்டிருந்தது.

"இரத்தம் நன்றாக இருக்கிறது என்கிறது, படம் மோசம் என்கிறது, எதை நம்புவது?" என்று கேட்கிறார் அவர். பி.எஸ்.எம்.ஏ. ஒரு மரபணுவின் விளைவு என்பதால் மகன்கள் இருவரும் அந்த மரபணுவைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் மருமகன் சொல்லியிருக்கிறார். அந்த நொதிக்கும் ஃபோலேட் என்ற வைட்டமினுக்கும் தொடர்பு உண்டு என்று இணையத்தில் படித்ததால், வீட்டில் கீரை, பருப்பு, சுகர் பீன்ஸ் எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. ஸ்கேனுக்குப் பின் இரண்டு வாரம் பேத்தியைத் தூக்கவில்லை. பிரிட்டோரியாவில் செய்யப்படும் கதிரியக்க மருந்து சிகிச்சையை ஊசிக்குப் பதிலாக இப்போதே எடுத்துக்கொள்ளலாமா என்றும், வரும் தைப்பூசத்தில் காவடி எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

வணக்கம் ஐயா. உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் மற்றவற்றில் பாதி தாமாகவே விலகிவிடும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. பெயரில் ஓர் எழுத்து மட்டுமே வேறுபட்டாலும், அவை இரு வேறு நொதிகளைப் பற்றிப் பேசுகின்றன.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் சுரந்து வெளியே விடும் நொதி. வெளிப்பட்டவுடன் கூழ்போல இறுகியிருக்கும் விந்தில் செமினோஜெலின் என்ற புரதத்தை வெட்டி, அதை நீர்க்கச் செய்வது அதன் வேலை. அதில் இரத்தத்துக்குக் கசியும் சிறு பங்கைத்தான் ஆய்வுக்கூடத்தில் அளக்கிறார்கள். பி.எஸ்.எம்.ஏ. அவ்வாறு சுரந்து வெளியேறுவதில்லை. 750 அமினோ அமிலங்களால் ஆன அந்த நொதி செல்லின் மேலுறையில் பதிந்து, தன் பெரும்பகுதியை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெப்டைடு எனப்படும் சிறு புரதத் துணுக்குகளின் நுனியில் உள்ள குளூட்டமேட்டை நறுக்கி எடுப்பது அதன் தொழில். மூளையில் நரம்புச் செய்திகளோடு தொடர்புடைய ஒரு துணுக்கை அது நறுக்குகிறது. சிறுகுடலில், உணவிலுள்ள ஃபோலேட்டோடு சங்கிலியாக ஒட்டியிருக்கும் குளூட்டமேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஃபோலேட்டை உடல் உறிஞ்சிக்கொள்ள வழி செய்கிறது. 1987இல் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புராஸ்டேட் புற்றுச் செல்களைக் கொண்டு உருவாக்கிய எதிர்ப்பொருளின் வழியாக இது வெளிச்சத்துக்கு வந்தது. 1993இல் நியூயார்க்கில் இதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. புராஸ்டேட்டுக்கே உரியது என்று அப்போது வைத்த பெயர் நிலைத்துவிட்டாலும், உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல் ஆகியவற்றிலும் இது உண்டு. உங்கள் படத்தில் கன்னத்தின் இருபுறமும் சிறுநீரகங்களும் ஒளிர்வதைக் கண்டு உங்கள் மகன் பயந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லா மனிதருக்கும் அந்த இடங்கள் அப்படித்தான் ஒளிரும்.

இனி ஹார்மோன் ஊசிக்கு வருவோம். பி.எஸ்.ஏ.வுக்கான மரபணு ஆண் ஹார்மோனின் தூண்டுதலால் இயங்குவது. ஊசி டெஸ்டோஸ்டிரோனை ஏறத்தாழ முழுவதும் அடக்கிவிடுவதால் அந்த மரபணுவின் இயக்கம் ஒடுங்குகிறது. புற்றுச் செல்களும் மடியத் தொடங்குகின்றன. இரத்தத்தில் எண் சரிகிறது. பி.எஸ்.எம்.ஏ.வுக்கான மரபணுவோ ஆண் ஹார்மோன் ஏற்பி, அதாவது செல்லுக்குள் அந்த ஹார்மோனைப் பற்றும் புரதம், மும்முரமாக இருக்கும்வரை அடங்கியிருக்கும். அந்தப் பிடி தளர்ந்தால், எஞ்சியிருக்கும் செல்கள் அந்த நொதியைக் கூடுதலாகச் செய்து மேலுறையில் நிறுத்தும். ஒரே தராசின் இரு தட்டுகளைப் போல, ஒன்று இறங்கும்போது மற்றது ஏறக்கூடும். ஏறியே தீரும் என்றும் சொல்வதற்கில்லை. ஊசி தொடங்கிய முதல் வாரங்களில் எடுத்த படங்களில், ஒரே மனிதரின் உடலிலேயே சில இடங்கள் கூடுதலாகவும் சில இடங்கள் குறைவாகவும் ஒளிர்வது உண்டு; மாதக்கணக்கில் ஊசி தொடர்ந்தால் சிறிய இடங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுவதும் உண்டு. ஆகவே உங்கள் அறிக்கையிலுள்ள "மிகுதி" என்பதை, ஒவ்வொரு செல்லும் எவ்வளவு நொதியை ஏந்தியிருக்கிறது என்பதற்கான குறிப்பாகத்தான் கொள்ள வேண்டும். நோய் எத்தனை மடங்கு வளர்ந்தது என்ற கணக்கு அதில் இல்லை. ஊசிக்கு உங்கள் நோய் கட்டுப்படுகிறது என்பதை 11லிருந்து 1.4க்கு வந்த எண்ணே சொல்கிறது. நோய் எங்கெங்கே இருக்கிறது என்பதை ஸ்கேன் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே நம்புங்கள்.

வெளிப்பாடு குறைவாக இருந்தால் மகிழலாம் என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் தென்படுகிறது. பல வேளைகளில் அது நேர்மாறு. புராஸ்டேட் புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு வரை இந்த நொதியைப் போதிய அளவில் காட்டுவதில்லை. அவற்றில் சில, இயல்பு திரிந்து கட்டுக்கடங்காமல் போனவை. உங்களுடையது நன்றாக ஒளிர்கிறது என்றால், பின்னொரு காலத்தில் இதே நொதியைக் குறிவைத்து மருந்து செலுத்தும் வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது என்று பொருள்.

விலா எலும்புப் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள்; எந்தப் பக்கம் அடிபட்டது என்று சொல்லவில்லை. ஆறிவரும் முறிவும், காசநோய் பாதித்த நிணநீர் முடிச்சும், வேறு சில தீங்கற்ற மாற்றங்களும்கூட இந்த ஸ்கேனில் மெல்ல ஒளிரும். விலாவில் தனித்து நிற்கும் மங்கலான புள்ளி பெரும்பாலும் புற்று அல்ல. விழுந்த தேதியையும் பக்கத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அந்த ஒரு தகவலால், நோய் இரண்டு எலும்புகளில் இருப்பதாக எழுதப்படுவது ஓர் எலும்பு என்று மாறலாம், அதற்கேற்பச் சிகிச்சையும் மாறலாம்.

ஊசியை நிறுத்திவிட்டுப் பிரிட்டோரியாவா?

வேண்டாம் ஐயா. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலையுறச் செய்த இரண்டு இடங்களில் இது ஒன்று. ஊசி வேலை செய்துகொண்டிருக்கும்போது அதை நீங்களாக நிறுத்தினால், அடங்கியிருக்கும் செல்களுக்கு அவை தேடும் ஹார்மோனை நாமே திரும்பக் கொடுத்தது போலாகும்.

பிரிட்டோரியாவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது வெறும் வதந்தி அன்று. ஸ்டீவ் பிக்கோ கல்வி மருத்துவமனையில் பேராசிரியர் மைக் சத்தேகேவின் அணு மருத்துவக் குழு ஆக்டினியம்-225 என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு செய்த பணி உலகம் முழுவதும் பேசப்படுவது. ஸ்கேனுக்குத் தேவையான காலியம்-68ஐ ஈனும் கருவிகளைக் கேப் டவுன் அருகேயுள்ள ஐதெம்பா ஆய்வகம் தயாரித்து அயல்நாடுகளுக்கும் அனுப்புகிறது. இந்தத் துறையில் நம் நாடு பின்தங்கியதல்ல என்பதை நம்மவர்களில் பலர் அறிவதில்லை. சிகிச்சையின் உத்தி இதுதான்: அந்த நொதி நறுக்கும் துணுக்கைப் போலவே வடிவமைத்த, ஆனால் நறுக்கப்பட முடியாத ஒரு சிறு மூலக்கூற்றின் முனையில் கதிரியக்க அணுவைக் கோத்து இரத்தத்தில் விடுகிறார்கள். அது நொதியின் வெட்டும் பள்ளத்தில் போய்ப் பொருந்தி, நொதியோடு செல்லுக்குள் இழுக்கப்பட்டு, உள்ளிருந்தே கதிரை வீசுகிறது. காலியம் கோத்தால் படம் கிடைக்கும். லுட்டீசியம்-177 அல்லது ஆக்டினியம்-225 கோத்தால் சிகிச்சையாகும்.

ஆனால் இதன் பலனைக் காட்டிய முதற்பெரும் ஆய்வு, ஹார்மோன் ஊசிக்கும் அடுத்த நிலை மாத்திரைகளுக்கும் கீமோவுக்கும் பிறகும் நோய் வளர்ந்த 831 பேரிடம் நடந்தது. 2021இல் வெளியான அதன் முடிவின்படி, லுட்டீசியம் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 15.3 மாதம், பெறாதவர்களுடையது 11.3 மாதம். அந்த நிலையில் நான்கு மாதம் பெரிது. ஆனால் நீங்கள் அந்த நிலையில் இல்லை, அதன் வாசலில்கூட இல்லை. கீமோவுக்கு முன்பே இதைக் கொடுப்பதும், ஊசிக்குக் கட்டுப்படும் கட்டத்திலேயே கொடுத்துப் பார்ப்பதும் பின்னர் ஆராயப்பட்டன. அந்தக் கட்டத்துப் பெரிய ஆய்விலும் ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள், அதை விலக்கிவிட்டு அல்ல. இதற்குப் பக்கவிளைவு என்ற விலையும் உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இந்த நொதி இருப்பதால் வாய் உலர்ந்துபோகும். ஆக்டினியத்தில் இது மிகக் கூடுதல். ஒரு கவளம் சோற்றை விழுங்க இரண்டு மடக்குத் தண்ணீர் தேவைப்படும் நிலையை, வேறு நல்ல வழிகள் கையில் இருக்கும்போது எவரும் முந்திக்கொண்டு வாங்க வேண்டியதில்லை.

அந்த வேறு வழிகள் இரண்டு, இரண்டையும் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். முதலாவது, ஊசியோடு அபிராட்டெரோன் அல்லது என்சலூட்டமைட் வகை மாத்திரை ஒன்றைச் சேர்ப்பது. பரவிய நோய்க்கு ஊசியை மட்டும் கொடுப்பதைவிடத் தொடக்கத்திலேயே இதைச் சேர்ப்பது வாழ்நாளைக் கூட்டுகிறது என்பது 2017 முதல் பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. அபிராட்டெரோனை வெறும் வயிற்றில், பிரெட்னிசோனும் உடன் சேர்த்து எடுக்க வேண்டும். இரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் ஆகியவற்றைக் கண்காணிக்க வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் பிரெட்னிசோன் சர்க்கரையை ஏற்றும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இரண்டாவது, படத்தில் தெரியும் இடங்கள் சிலவே என்பதால், முடிச்சுகளுக்கும் இடுப்பெலும்புக்கும் மட்டும் கூர்மையான கதிர்வீச்சு கொடுப்பது. ஏற்கெனவே இடுப்பறையில் கதிர் பட்டிருப்பதால் குடலும் சிறுநீர்ப்பையும் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று பழைய கதிர்வீச்சுத் திட்ட வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தக் கோப்பு எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று இப்போதே தேடி வையுங்கள்.

மகன்களும், நீங்கள் ஓரமாகச் சொல்லிப்போன ஒரு வரியும்

உங்கள் மருமகன் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் பி.எஸ்.எம்.ஏ.வை உண்டாக்கும் எஃப்.ஓ.எல்.ஹெச்.1 மரபணு 11ஆம் குரோமோசோமில் நம் எல்லோருக்கும் இருக்கிறது, உங்கள் மனைவிக்கும் இருக்கிறது. உங்கள் புற்றுச் செல்களில் அது மும்முரமாக இயங்குவது அந்தச் செல்களுக்குள் நடக்கும் நிகழ்ச்சி. மகன்களுக்குப் போய்ச் சேர்ந்த சொத்து அன்று. அதைச் சோதிப்பது வீண் செலவு.

ஆனால் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், உங்கள் தங்கை 46 வயதில் மார்பகப் புற்றுநோயால் காலமானார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என் கவலையின் இரண்டாவது இடம் அதுதான். பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் பிறவியிலேயே குறை இருக்கும் குடும்பங்களில் பெண்களுக்கு மார்பகத்திலும் சூலகத்திலும், ஆண்களுக்குப் புராஸ்டேட்டிலும் புற்று வரும் வாய்ப்பு கூடும். ஆண்களுக்கு வந்தால் அது சற்று வேகமானதாகவும் இருக்கும். பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்வது பொது நடைமுறை. சோதனையை மகன்களிடமிருந்து தொடங்க வேண்டாம், உங்களிடமிருந்து தொடங்குங்கள். ஒரு குழாய் இரத்தமோ உமிழ்நீரோ போதும். உங்களிடம் குறை இருந்தால், பின்னாளில் ஒலாபாரிப் போன்ற மருந்துகள் உங்களுக்குப் பயன்படும். மகன்களைப் போலவே உங்கள் மகளும், தங்கையின் பிள்ளைகளும் அதே ஒரு குறையை மட்டும் சோதித்துக்கொள்ளலாம். "பெண் பிள்ளைக்கு இதில் என்ன?" என்று நம் வீடுகளில் விட்டுவிடுகிறார்கள், மகளுக்குத்தான் இதில் அதிகம் இருக்கிறது. குறை இல்லை என்று வந்தாலும், தகப்பனுக்கு நோய் இருப்பதால் மகன்களின் அபாயம் பொதுவானவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இருவரும் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள், பி.எஸ்.ஏ. சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கீரை, பேத்தி

கீரையையும் சுகர் பீன்ஸையும் இன்றே திரும்பச் சமைக்கச் சொல்லுங்கள். நொதி ஃபோலேட்டைக் கையாளுகிறது என்பதனால் ஃபோலேட்டை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்கும் என்ற கணக்கு சரியன்று. அதற்கு முன் உங்கள் எலும்பு மஜ்ஜை பட்டினி கிடந்து இரத்தசோகை வரும். மேலும், நம் நாட்டில் 2003 முதல் ரொட்டி மாவிலும் மக்காச்சோள மாவிலும் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயம். கீரையை விலக்கிவிட்டு நீங்கள் காலையில் சாப்பிடும் பிரௌன் ரொட்டியில் அது இருந்துகொண்டேதான் இருக்கிறது, அதுவும் அந்த நொதி நறுக்கத் தேவையே இல்லாத வடிவத்தில். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் மருத்துவர் சொல்லாமல் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

காலியம்-68 ஒவ்வொரு 68 நிமிடத்துக்கும் பாதியாகக் குறைவது. காலையில் ஸ்கேன் எடுத்திருந்தால் அன்றிரவே ஆயிரத்தில் ஒரு பங்குகூட எஞ்சியிராது. இரண்டு வாரம் பேத்தியைத் தள்ளி வைத்திருக்கத் தேவையில்லை. லுட்டீசியம் சிகிச்சை என்றைக்காவது நடந்தால் கதை வேறு. அதன் அரையாயுள் ஏறத்தாழ ஆறரை நாள், அப்போது குழந்தைகளிடமிருந்து சில நாள் விலகியிருக்கச் சொல்லுவார்கள்.

உங்கள் உரிமை

மருத்துவரிடம் இவ்வளவு கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கியிருக்கிறீர்கள். உங்கள் உடல்நிலை, இருக்கும் சிகிச்சை வழிகள், ஒவ்வொன்றின் நன்மை, அபாயம், செலவு ஆகியவற்றை, இயன்றவரை உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டிய கடமையை 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அவர்மேல் வைத்திருக்கிறது. இரண்டாம் கருத்துக் கேட்பதும் நோயாளர் உரிமைச் சாசனத்தில் உண்டு. ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்; வெறும் அறிக்கையை வைத்து எவரும் இரண்டாம் கருத்துச் சொல்ல முடியாது. மெடிக்கல் எய்டு எனப்படும் உங்கள் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மாத்திரைக்கோ மரபணுச் சோதனைக்கோ மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சட்டப்படியான குறைந்தபட்ச நலன்களின் கீழ் அது வருமா என்று மருத்துவரின் கடிதத்தோடு மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அத்திட்டங்களைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலில் முறையிடலாம். மெடிக்கல் எய்டு கைவிட்டாலும், அரசு மருத்துவமனையிலிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று டர்பனின் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனைக்குப் போகும் பாதை இருக்கிறது. காத்திருப்பு நீளும், அதற்காகவே இப்போதே பெயரைப் பதிந்து வைப்பது நல்லது.

காவடி

விரதத்துக்குத் தடையில்லை, சர்க்கரை மாத்திரையின் அளவை மட்டும் முன்கூட்டிப் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். பிரெட்னிசோன் தொடங்கியிருந்தால் அதை ஒரு நாளும் விடக்கூடாது. தோளில் பாரம் ஏற்றுவதற்கு முன், இடுப்பெலும்பிலுள்ள அந்த இடம் எலும்பின் வலுவைக் குறைத்திருக்கிறதா என்று ஸ்கேனோடு சேர்ந்து எடுத்த சி.டி. படத்தைப் பார்த்துச் சொல்லும்படி மருத்துவரிடம் கேளுங்கள். ஹார்மோன் ஊசி எலும்பை மெலியச் செய்யும் என்பதால் எலும்பு அடர்த்திச் சோதனையும் இந்தச் சமயத்தில் செய்துவிடலாம். அலகு குத்திக்கொள்வதை இப்போதைய சிகிச்சை தடுக்காது, ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். கீமோவோ லுட்டீசியமோ தொடங்கும் ஆண்டில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறையும் என்பதால் அது கூடவே கூடாது. எலும்பைப் பற்றிய பதில் தைப்பூசத்துக்கு முன் கிடைக்காவிட்டால், இந்த ஆண்டு பால்குடத்தோடு நடந்துவிடுங்கள்.